விளையாட்டும் உலாவியும் ஒன்றாக ஓட: எதைத் தேர்ந்தெடுப்பது?

இரவுப்பறவை

அனைவருக்கும் வணக்கம். விளையாடும்போது உலாவியை மூடி வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. திறந்த உலக விளையாட்டு என்றால் ஒரு டேபில் வரைபடம் இருக்கும், இரண்டு மூன்று டேபில் வழிகாட்டிப் பக்கங்கள் இருக்கும், இரண்டாவது மானிட்டரில் யூடியூபோ நேரலையோ ஓடிக்கொண்டிருக்கும். "மூடிவிட்டு விளையாடுங்கள்" என்ற பதில் மட்டும் வேண்டாம். இவையெல்லாம் சேர்ந்ததுதான் எனக்கு விளையாட்டு.

உலாவி மூடியிருந்தால் ஆட்டம் தடையின்றி ஓடுகிறது. திறந்திருந்தால் சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் படங்கள்) பெரிதாக இறங்குவதில்லை. ஆனால் கேமராவைச் சட்டென்று திருப்பும்போதும் புதிய பகுதிக்குள் நுழையும்போதும் படம் ஒரு கணம் உறைந்து, பிறகு நகர்கிறது. சண்டையின் நடுவே இப்படி நடந்தால் எரிச்சல் தாங்க முடியவில்லை.

கணினி விவரம்: 6 கோர் பிராசஸர், 16 ஜிபி ரேம், 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1660, விண்டோஸ் 11. முதன்மைத் திரை 144 ஹெர்ட்ஸ், இரண்டாவது 60 ஹெர்ட்ஸ்.

குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், பிரேவ், ஓபரா ஜிஎக்ஸ் ஆகியவற்றில் எதற்கு மாறலாம்? அனுபவத்தோடு காரணத்தையும் சொன்னால் நன்றி.

செவ்வானம்

இதற்காகவே உருவானது ஓபரா ஜிஎக்ஸ். 2019-இல் வந்ததிலிருந்து அதைத்தான் பயன்படுத்துகிறேன். பக்கவாட்டுப் பட்டையில் ஜிஎக்ஸ் கன்ட்ரோல் என்ற பகுதி இருக்கிறது. உலாவி எவ்வளவு ரேம் எடுக்கலாம், பிராசஸரில் எத்தனை சதவீதம் எடுக்கலாம், இணைய வேகத்தில் எவ்வளவு எடுக்கலாம் என்று மூன்றுக்கும் தனித்தனியாக வரம்பு வைக்கலாம். எந்த டேப் அதிகம் உண்கிறது என்பதையும் அங்கேயே காட்டி, மூடவும் வழி தருகிறது. வேறு எந்த உலாவியும் இந்தக் கட்டுப்பாட்டை இவ்வளவு வெளிப்படையாகப் பயனரின் கையில் கொடுப்பதில்லை. 4 ஜிபி வரம்பு வைத்துப் பாருங்கள்.

கணிப்பொறிக்காரன்

செவ்வானம் சொன்னதில் இணைய வேக வரம்பை முழுமனதோடு ஏற்கிறேன். பின்னணியில் பெரிய பதிவிறக்கம் ஓடி இணைப்பு நிரம்பினால் ஆட்டத்தின் பிங் (சர்வர் பதில் தரும் தாமதம்) தாறுமாறாக ஏறும். அதற்கு இந்த வரம்பு நல்ல மருந்து.

ரேம் வரம்பைப் பற்றி எனக்கு வேறு கருத்து. வீட்டின் கூரையைத் தாழ்த்தினால் உள்ளே இருப்பவர்களின் உயரம் குறையாது. சிலர் வெளியேறத்தான் வேண்டும். ஒரு வரைபடப் பக்கம் தன் படங்களுக்கும் ஸ்கிரிப்டுக்கும் 400 எம்பி கேட்டால், வரம்பு வைத்த பிறகும் அதே 400 எம்பி வேண்டும். உலாவி செய்யக்கூடியது, நீங்கள் பார்க்காத வேறு டேபை நினைவகத்திலிருந்து நீக்குவது மட்டுமே. திரும்பப் போனால் அது மறுபடி ஏற்றப்படும். வரம்பை மிகக் குறைவாக வைத்தால் ஏற்றுவதும் நீக்குவதுமாக உலாவி அலைந்து, பிராசஸர் வேலையும் வட்டு வேலையும் கூடும்.

இன்னொன்று பலருக்கும் கவனத்தில் வருவதில்லை. குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி ஐந்தும் கூகுளின் குரோமியம் என்ற திறந்த மூல உலாவியின் மேல் கட்டப்பட்டவை. பக்கத்தை வரைகிற பிளிங்க், ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுகிற வி8 இரண்டும் ஐந்துக்கும் பொது. எட்ஜ் 2020 ஜனவரியில் இந்த அணிக்கு வந்தது. விண்டோஸில் பரவலாகப் பயன்படுவனவற்றில் தனி எஞ்சினோடு நிற்பது ஃபயர்ஃபாக்ஸ் மட்டுமே. ஆகவே ஒரே பக்கத்தை ஐந்திலும் திறந்தால் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். பயன்படாத டேபை எப்போது உறங்க வைக்கின்றன, மூடிய பிறகும் பின்னணியில் என்ன ஓட விடுகின்றன, விளம்பரங்களை எப்படித் தடுக்கின்றன என்பதில்தான் வேறுபாடு.

"மிக இலேசான உலாவி" என்று யாராவது புதிதாக ஒன்றைப் பரிந்துரைத்தால் நான் தயங்குவேன். 2018-இல் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறைபாடு வெளியானபின், குரோம் 67 ஒவ்வொரு தளத்தையும் தனிப் பிராசஸில் வைக்கத் தொடங்கியது. அதனால் ரேம் தேவை 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று கூகுளே சொன்னது. ஃபயர்ஃபாக்ஸும் 2021-இல் அதே ஏற்பாட்டுக்கு வந்தது. அந்த ரேம் வீணாகவில்லை; ஒரு தளம் இன்னொன்றின் தகவலைத் திருடாமல் இருக்கக் கொடுக்கும் விலை அது.

இரவுப்பறவை, மாறுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். சராசரி எஃப்பிஎஸ் உங்கள் சிக்கலைக் காட்டாது. ஒவ்வொரு படமும் வர எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஃபிரேம் டைம் வரைபடத்தையும், மிக மெதுவான 1 சதவீதப் படங்களின் வேகத்தைச் சொல்லும் 1 சதவீதத் தாழ்நிலை எண்ணையும் பாருங்கள். அளக்க இன்டெலின் பிரசென்ட்மான் அல்லது கேப்ஃபிரேம்எக்ஸ் என்ற கருவி போதும். ஆட்டத்தின் ஒரே இடத்தில் நின்று, உலாவியில் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வாருங்கள். குரோமிய உலாவிகளில் ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் உலாவியின் சொந்த டாஸ்க் மேனேஜர் திறக்கும். அங்கே டேப், நீட்டிப்பு, ஜிபியு பிராசஸ் எல்லாம் தனித்தனியாகத் தெரியும்.

தேன்சிட்டு

விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் எட்ஜை ஏன் எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள்? 2021-இல் வந்த 88-ஆம் பதிப்பிலிருந்தே உறங்கும் டேப் வசதி அதில் உண்டு. குரோமில் மெமரி சேவர் வந்தது 2022 இறுதியில், 108-ஆம் பதிப்பில்தான். விளையாட்டு ஓடுவதை உணர்ந்து தானே அடங்கிப்போகும் அமைப்பும் எட்ஜில் இருக்கிறது. 2025-இல் கேம் அசிஸ்டும் வந்துவிட்டது. விண்டோஸின் கேம் பாரைத் திறந்தால் ஆட்டத்தின் மேலேயே சிறு சன்னலாக எட்ஜ் வரும், வழிகாட்டியைப் படித்துக்கொண்டே ஆடலாம். ஆல்ட்-டேப் அடிக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு திருத்தம் செய்துகொள்ளுங்கள். அமைப்புகளில் ஸ்டார்ட்அப் பூஸ்டையும், மூடிய பிறகும் பின்னணி நீட்டிப்புகளை ஓடவிடும் தேர்வையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் மூடியதாக நினைக்கும் உலாவி மூடியிருக்காது. குரோமிலும் இதே போன்ற பின்னணித் தேர்வு இருக்கிறது.

நெருப்புநரி

என் வாக்கு ஃபயர்ஃபாக்ஸுக்கு. காரணம் எஞ்சினைவிட யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்டிப்புதான்.

வழிகாட்டித் தளங்களைத் திறந்து பாருங்கள். பத்து வரி குறிப்புக்காகத் தானாக ஓடும் காணொளி விளம்பரம், ஓரங்களில் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் விளம்பரங்கள், பின்னால் கண்காணிப்பு ஸ்கிரிப்டுகள். இரண்டாவது திரையில் அந்தப் பக்கம் திறந்திருக்கும் வரை இவை ஓய்வதில்லை. விளம்பரத்தை வேரிலேயே தடுத்தால் ரேமும் பிராசஸரும் சேர்ந்தே மிச்சமாகின்றன. டேபை உறங்க வைக்கும் எந்த உத்தியும் கண்முன் திறந்திருக்கும் பக்கத்துக்கு உதவாது, இது உதவும்.

குரோம், மேனிஃபெஸ்ட் வி2 என்ற பழைய முறையில் எழுதிய நீட்டிப்புகளை 2024-இலிருந்து படிப்படியாக நிறுத்திவிட்டது. முழுமையான யூபிளாக் ஆரிஜின் இப்போது அங்கே ஓடாது. திறன் குறைந்த லைட் பதிப்புதான் உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் பழைய முறையையும் ஆதரிக்கிறது. பிரேவ் தடுப்பானைத் தன்னுள்ளேயே கட்டி வைத்திருக்கிறது, ஆகவே குரோமியம்தான் வேண்டும் என்பவர்கள் அதைப் பார்க்கலாம்.

டேபை நீக்குவதிலும் ஃபயர்ஃபாக்ஸ் பின்தங்கவில்லை. 2021-இல் வந்த 93-ஆம் பதிப்பு முதல், விண்டோஸில் நினைவகம் குறையும்போது நெடுநேரம் தொடாத டேபைத் தானே இறக்கிவிடுகிறது. 140-ஆம் பதிப்பிலிருந்து டேபின் மேல் வலது சொடுக்கு செய்து நாமே இறக்கலாம். ஆட்டம் தொடங்குமுன் நான் செய்வது அதைத்தான்.

புதுவரவு

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். உலாவியின் வேலையைக் கிராபிக்ஸ் கார்டிடம் கொடுக்கும் ஹார்டுவேர் அக்ஸலரேஷனை அணைத்துவிட்டால் கிராபிக்ஸ் கார்டு முழுவதும் ஆட்டத்துக்கே கிடைக்கும் என்று பல இடங்களில் படித்தேன். அது சரியா?

கணிப்பொறிக்காரன்

இரண்டாவது திரையில் காணொளி பார்ப்பவருக்கு அது பெரும்பாலும் கெடுதல்.

கிராபிக்ஸ் கார்டில், சுருக்கி வரும் காணொளியை விரிப்பதற்கென்றே ஒரு தனிப் பகுதி இருக்கிறது. ஆட்டத்தின் காட்சியை வரையும் கோர்கள் வேறு, இது வேறு. அக்ஸலரேஷன் இயங்கினால் காணொளி விரிக்கும் வேலை அந்தத் தனிப் பகுதிக்குப் போகும், ஆட்டத்துக்குப் பாதிப்பு மிகக் குறைவு. அணைத்துவிட்டால் காணொளி விரிப்பதோடு பக்கத்தை ஒன்றுசேர்த்து வரைவதும் பிராசஸரின் தலையில் விழும். ஆட்டம் அந்த நேரத்தில் பிராசஸரைத்தான் நம்பியிருக்கும் என்றால் திணறல் கூடத்தான் செய்யும்.

அணைப்பதில் பொருள் இருக்கும் நிலைமை ஒன்று உண்டு. கார்டின் நினைவகம் ஆட்டத்தாலேயே நிரம்பி வழிகிறது, பிராசஸரில் இடம் இருக்கிறது, நீங்கள் காணொளி எதுவும் பார்ப்பதில்லை, வெறும் எழுத்துப் பக்கங்கள்தான். அப்போது அணைத்துப் பார்க்கலாம்.

இரவுப்பறவை

எல்லோருக்கும் நன்றி. கணிப்பொறிக்காரன் சொன்னபடி ஒரே இடத்தில் நின்று ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தேன். எனக்கு வியப்பாக இருந்தது: வழிகாட்டிப் பக்கங்களை எல்லாம் மூடியும் பெரிய மாற்றம் இல்லை. யூடியூப் டேபை மூடியதும் ஃபிரேம் டைம் வரைபடத்தில் இருந்த முட்கள் பெரும்பகுதி மறைந்தன. காணொளியை இடைநிறுத்தினாலே போதும், அதே விளைவு. அக்ஸலரேஷன் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பிறகு ஏன்?

கணிப்பொறிக்காரன்

காணொளியின் மேல் வலது சொடுக்கு செய்து "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" திறந்து, கோடெக் (காணொளியைச் சுருக்கும் முறை) வரியில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். கூடவே விண்டோஸ் டாஸ்க் மேனேஜரின் செயல்திறன் பகுதியில் ஜிபியு பக்கத்தைத் திறந்து, வீடியோ டிகோட் வரைபடம் அசைகிறதா என்றும் பாருங்கள்.

இரவுப்பறவை

கோடெக்: ஏவி01. வீடியோ டிகோட் வரைபடம் சுழியத்திலேயே கிடக்கிறது.

கணிப்பொறிக்காரன்

காரணம் கிடைத்துவிட்டது. உங்கள் கார்டுக்கு எச்.264, விபி9 இரண்டும் தெரியும். ஏவி1 தெரியாது. ஏவி1-ஐ வன்பொருளிலேயே விரிக்கும் திறன் என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 30 வரிசையிலும், ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 6000 வரிசையிலும்தான் வந்தது. இரண்டும் 2020-இல் வெளியானவை. இன்டெலில் 11-ஆம் தலைமுறை மடிக்கணினிப் பிராசஸர்களில் வந்தது. உங்கள் கார்டால் முடியாதபோது உலாவி அந்த வேலையைப் பிராசஸரிடம் கொடுத்துவிடுகிறது. டாவிட் என்ற மென்பொருள் விரிப்பான் மிகத் திறமையானதுதான். இருந்தாலும் 1080பி 60 காணொளி என்றால் கோர்களில் நேரத்தைப் பிடுங்காமல் இருக்க முடியாது. புதிய பகுதியை ஏற்றும் கணத்தில் ஆட்டத்துக்கும் அதே கோர்கள் வேண்டும்.

ஃபயர்ஃபாக்ஸில் உள்ளமைப்புப் பக்கத்தைத் (about:config) திறந்து, ஏவி1 என்று தேடி அதை அணைத்துவிடுங்கள். யூடியூப் விபி9-க்கு மாறும், அதை உங்கள் கார்டு விரிக்கும். குரோமிய உலாவியிலேயே இருக்க விரும்பினால் கோடெக்கைத் தடுக்கும் நீட்டிப்புகள் இருக்கின்றன. எச்.264-ஐ மட்டும் விடும்படி வைத்தால் யூடியூபில் 1080பிக்கு மேல் கிடைக்காது. இரண்டாவது திரை 1080பி என்றால் அது குறையாகத் தெரியாது.

ஓபரா ஜிஎக்ஸுக்கு மாறியிருந்தாலும் எட்ஜுக்கு மாறியிருந்தாலும் இதே ஏவி1 இதே பிராசஸரில்தான் ஓடியிருக்கும்.

செவ்வானம்

இந்த விளக்கத்தை ஏற்கிறேன், நல்ல கண்டுபிடிப்பு. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோடெக்கை மாற்ற உள்ளமைப்புப் பக்கத்துக்குள் போகத் துணியும் பயனர்கள் குறைவு. கண்ணெதிரே ஒரு நகர்த்தி வைத்து, "இதற்கு மேல் எடுக்காதே" என்று சொல்லும் உலாவிக்கு மதிப்பு இருக்கிறது. என் டேப்கள் அதனால் ஒழுங்காக இருக்கின்றன.

அலைவரிசை

யாரும் இன்னும் இரண்டாவது திரையைப் பற்றிப் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

குரோமிய உலாவிகளின் சிக்கன ஏற்பாடுகள் "இந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியவில்லை" என்ற நிபந்தனையைச் சார்ந்தவை. மறைந்த டேபின் டைமர்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருந்தால், நிமிடத்துக்கு ஒரு முறைதான் எழும்ப முடியும் என்று குரோம் 88 முதல் வைத்திருக்கிறார்கள். இன்னொரு சன்னல் முழுவதும் மறைத்திருந்தாலும் உலாவி அதைக் கண்டுபிடித்து வரைவதை நிறுத்திவிடும். ஒரே மானிட்டரில் ஆடுபவருக்கு இது தானாகவே கிடைக்கும் வரம். ஆட்டம் திரையை நிறைத்ததும் பின்னால் உள்ள உலாவி அடங்கிவிடும்.

இரண்டாவது மானிட்டரில் வைத்தால் இதில் ஒன்றும் நடக்காது. பக்கம் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது, ஆகவே உலாவி முழு மூச்சோடு வரைகிறது. நேரலையின் அரட்டைப் பெட்டி விடாமல் உருண்டுகொண்டே இருப்பதுதான் எனக்குத் தெரிந்தவற்றில் மோசமானது. அசையும் சிறுபடங்களோடு ஒவ்வொரு வரி வரும்போதும் பக்கம் மறுபடி வரையப்படுகிறது. அரட்டையை மூடிவிட்டு நேரலையை மட்டும் வைத்துப் பாருங்கள். வரைபடம் தேவைப்படாத நேரத்தில் அந்தச் சன்னலை மினிமைஸ் செய்துவிடுங்கள். உலாவியை மாற்றுவதைவிட இதில் பலன் அதிகம்.

பழைய கோர்

என் பங்குக்கு: ஆட்டத்தைத் தொடங்கும் முன்பே உங்கள் கணினியில் வேறு உலாவிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஸ்டீம் தன் கடையையும் நூலகத்தையும் காட்டுவது உள்ளே பதித்த குரோமியத்தால்தான். டாஸ்க் மேனேஜரில் ஸ்டீம் வெப் ஹெல்ப்பர் என்று பல வரிகள் தெரிவது அதனால். 2024 தொடக்கத்தில் ஸ்டீம் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டதற்கு அவர்கள் சொன்ன முக்கியக் காரணமும், அந்தப் பதித்த குரோமியம் விண்டோஸ் 7-இல் இனி ஓடாது என்பதுதான். டிஸ்கார்டு எலக்ட்ரானில் கட்டப்பட்டது, அதுவும் குரோமியமே.

ஆகவே எழுத்து வழிகாட்டிகளுக்கு நான் தனி உலாவி திறப்பதில்லை. ஷிஃப்ட்டும் டேபும் அழுத்தினால் வரும் ஸ்டீம் ஓவர்லேயின் உலாவியிலேயே படிக்கிறேன். 2023-இல் அதைப் புதுப்பித்தபோது சன்னலை ஆட்டத்தின் மேல் பின் செய்யவும், ஊடுருவித் தெரியும்படி வைக்கவும் வழி வந்துவிட்டது. எப்படியும் ஓடுகிற குரோமியம்தானே, அதையே பயன்படுத்தலாம். விளம்பரத் தடுப்பு இல்லாதது மட்டும் குறை.

நெருப்புநரி

அந்தக் குறை சிறியதில்லை. விளம்பரம் நிறைந்த வழிகாட்டித் தளத்தை ஓவர்லேயில் திறந்தால் பாரம் ஆட்டத்தின் மேலேயே ஏறும். எளிய விக்கிப் பக்கங்களுக்கு ஓவர்லே, மற்றவற்றுக்குத் தடுப்பான் உள்ள உலாவி என்று பிரித்துக்கொள்வதே சரி.

இரவுப்பறவை

ஃபயர்ஃபாக்ஸ் நிறுவி, ஏவி1-ஐ அணைத்து, யூபிளாக் போட்டேன். கோடெக் வரியில் விபி09 வருகிறது, வீடியோ டிகோட் வரைபடமும் அசைகிறது. சண்டை நேரத்துத் திணறல் போய்விட்டது. மிக்க நன்றி, கணிப்பொறிக்காரன் அண்ணா.

ஒரே ஒரு விளையாட்டில் மட்டும் கேமராவைத் திருப்பும்போது சிறு உறைதல் இன்னும் இருக்கிறது. உலாவி மூடினால் அதுவும் இல்லை. ரேமில் 3 ஜிபிக்கு மேல் காலியாக இருப்பதாகத்தான் காட்டுகிறது.

கணிப்பொறிக்காரன்

தம்பி, இந்த முறை கார்டின் நினைவகத்தைப் பாருங்கள். அந்த விளையாட்டில் டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) தரம் எதில் இருக்கிறது? உங்கள் 6 ஜிபியை ஆட்டமே நிரப்பியிருந்தால், உலாவியின் ஜிபியு பிராசஸ் எடுக்கும் சில நூறு எம்பிகூட மிகையாகிவிடும். இடம் போதாதபோது விண்டோஸ் டெக்ஸ்சர்களில் ஒரு பகுதியைக் கணினியின் ரேமுக்கு நகர்த்திவிடும். நீங்கள் திரும்பும்போது அவை பிசிஐ இணைப்பு வழியாகத் திரும்பி வர வேண்டும். அந்தத் தாமதம்தான் உறைதல். டாஸ்க் மேனேஜரில் பகிரப்பட்ட ஜிபியு நினைவகம் என்ற எண் ஏறுகிறதா என்று பார்த்தால் உறுதியாகிவிடும்.

முதல் வழி: டெக்ஸ்சரை ஒரு படி இறக்குங்கள். இரண்டாவது வழி உங்கள் பிராசஸரில் உள்ளிணைந்த கிராபிக்ஸ் இருந்தால் மட்டும். விண்டோஸ் அமைப்புகளில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய், உலாவியைச் சேர்த்து, மின்சிக்கனம் என்ற தேர்வைக் கொடுங்கள். உலாவி உள்ளிணைந்த கிராபிக்ஸில் ஓடும், 6 ஜிபியும் ஆட்டத்துக்கு மிஞ்சும். இரண்டாவது மானிட்டரின் கேபிளையும் மதர்போர்டின் துளையில் செருகினால் இன்னும் நல்லது. இல்லையென்றால் உலாவியின் படம் ஒரு கார்டிலிருந்து மற்றொன்றுக்கு ஓயாமல் நகலெடுக்கப்படும்.

இரவுப்பறவை

பகிரப்பட்ட நினைவகம் ஏறத்தான் செய்கிறது. என் பிராசஸரில் உள்ளிணைந்த கிராபிக்ஸ் இல்லை. டெக்ஸ்சரை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்கினேன், உறைதல் நின்றது. படத்தில் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

புதுவரவு

என் மடிக்கணினியில் 8 ஜிபி ரேம்தான் இருக்கிறது, கூடுதலாகச் செருக இடமும் இல்லை. எனக்கும் இதே வழிதானா?

தேன்சிட்டு

8 ஜிபியில் கதை வேறு. அங்கே கோடெக்கைவிட ரேம்தான் முதலில் தீரும். ஆட்டமும் உலாவியும் சேர்ந்து, ரேம் போதாதபோது வட்டில் பயன்படும் பேஜ் ஃபைலுக்குள் போய்விட்டால் எந்த அமைப்பும் காப்பாற்றாது. எட்ஜ் என்றால் டேப் உறங்கும் நேரத்தை மிகக் குறைந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். குரோம் என்றால் மெமரி சேவரை அதிகபட்சத்தில் வையுங்கள். ஒலி எழுப்பும் டேபும், பாதி நிரப்பிய படிவம் உள்ள டேபும், பின் செய்த டேபும் நினைவகத்திலேயே நிற்கும் என்பதால் அவற்றை நீங்களே மூட வேண்டும். தேவையற்ற நீட்டிப்புகளை நீக்குங்கள், டிஸ்கார்டில் குரல் உரையாடல் இல்லாத நேரத்தில் அதையும் மூடிவிடுங்கள். வழிகாட்டியைக் கைபேசியில் திறந்துகொள்ளுங்கள். மடிக்கணினியில் இரண்டு கிராபிக்ஸ் இருந்தால் மேலே சொன்ன மின்சிக்கனத் தேர்வு உங்களுக்கும் பொருந்தும். எந்த மாதிரி என்று எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.